வேகமாகச் சுட்டால் திக்கும் துப்பாக்கி

ஒவ்வொரு குண்டாகச் சுட்டால் அந்தத் துப்பாக்கிகளில் ஒரு குறையும் தெரியாது. அழுத்து, ஒரு மூச்சு விடு, மறுபடி அழுத்து என்று போனால் ஐம்பது குண்டும் ஒழுங்காகப் போய்ப் புளியமரத்தில் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் உடையும். விரலை எடுக்காமல் படபடவென்று அடித்தால்தான் வம்பு. நாலாவது ஐந்தாவது குண்டில் ‘புஸ்’ என்று வெறும் காற்று வரும். அடுத்த குண்டு போகும். அதற்கடுத்தது உள்ளேயே நசுங்கிக் குழல் முழுக்கச் சாயம் அப்பிக்கொள்ளும். அதன் பிறகு சுடுவதெல்லாம் வெற்றிலை எச்சில் துப்புகிற மாதிரிதான்.

விளையாட வருகிறவர்கள் மூச்சு விட்டுச் சுடுவதில்லை. வாரம் முழுக்க அதிகாரியிடம் அடக்கி வைத்ததை ஒரே விரலில் இறக்கத்தான் வருகிறார்கள்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகும் ரோட்டில் ஒரு புளியந்தோப்பை வளைத்து வலை கட்டி, பழைய டயர்களை அடுக்கி, தார் டிரம்களை உருட்டிப் போட்டு, நடுவில் எஞ்சின் இல்லாத ஒரு ஜீப்பையும் நிறுத்தி மைதானம் ஆக்கியிருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கம்பெனி ஆட்கள் வேனில் வருவார்கள். அருவியில் குளித்து, மீன் வறுவல் தின்று, திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் சாயக்குண்டால் சுட்டுக்கொண்டு போவார்கள். பன்னிரண்டு துப்பாக்கிகள். எல்லாம் பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஓர் இடத்திலிருந்து வாங்கி வந்தவை. அவற்றைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, கேஸ் நிரப்புவது, பழுது பார்ப்பது என் வேலை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் லாரியில் ஏறி ஆறு வருஷம் வடக்கே சுற்றினேன். கம்ப்ரஸர் சத்தத்தில் தூங்கிப் பழகினேன். இடது சுண்டுவிரலின் நுனியை மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோளக்காட்டில் விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் லாரி கிளீனர். அப்புறம் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை. அப்புறம் பென்னாகரம் பக்கம் ஒரு பட்டுப்புழுக் கொட்டகையில் ஒரு வருஷம். எங்கேயும் ஓர் இடத்தில் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. இதில் பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது. கால் அப்படி.

காற்று அழுத்தம், ரப்பர் வளையம், குழாய் ஒழுக்கு எல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் முதலாளி என்னைத் துப்பாக்கிக்கு வைத்தார். நாற்பது வயதுக்காரர், தருமபுரியில் டிராவல்ஸ் நடத்துகிறவர். அவரை நாங்கள் எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

துப்பாக்கிக்கு மேலே குண்டுகளைக் கொட்டி வைக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. அதிலிருந்து குண்டு ஒவ்வொன்றாகத் தன் எடையிலேயே கீழே இறங்கி, சுடும் இடத்துக்கு வர வேண்டும். அதை நாங்கள் சொம்பு என்போம். சொம்புகளைக் கழுவி, துடைத்து, குண்டு நிரப்பி, விளையாட வருகிறவர்கள் கையில் கொடுக்க ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பக்கத்துக் கிராமத்திலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் போவார். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் பெங்களூரில் சித்தாள் வேலை. கட்டடத்தின் பக்கத்திலேயே தகரக் கொட்டாயில் குடியிருப்பு. மகள் பென்னாகரத்தில் பிளஸ் டூ படிக்கிறாள் என்பதற்காகவே அதை விட்டுவிட்டு இங்கே வந்தவர்.

கோடை பிறந்தபோது ஸ்டோர் ரூமுக்குள் நிற்க முடியவில்லை. சிமெண்ட் ஷீட் கூரை. ஒரு நாள் மேலே இருந்த பெட்டியைத் திறந்தால் குண்டுகள் வெயிலில் வைத்த ஜவ்வு மிட்டாய் மாதிரி கொழகொழத்துப் போயிருந்தன. பட்டுப்புழுக் கொட்டகையில் கோடைக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் கோணிச் சாக்குகளைக் கட்டி, காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றி நனைத்தேன். அறை குளுகுளுவென்று ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டபின் எல்லாரும் அங்கேயே வந்து படுத்தார்கள். முதலாளியும் வந்து நின்று, “எங்கடா கத்துக்கின இதெல்லாம்? தலையில மூளதான்டா ஒனக்கு,” என்றார். எனக்கு அன்று இரண்டு அடி உயரம் கூடியிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்தே துப்பாக்கிகள் திக்க ஆரம்பித்தன. முதலில் இரண்டு, பிறகு நான்கு. மூன்றாவது சனிக்கிழமை பன்னிரண்டும்.

அன்று வந்தவர்கள் பெங்களூர்க்காரர்கள். ஜீப்பின் பின்னால் பதுங்கி எழுந்த ஒருவன் விரலை எடுக்காமல் அடித்தான். டப், டப், டப், புஸ், டப், பிளக். குழலின் வாயிலிருந்து பச்சைச் சாயம் அவன் ஷூவிலேயே வழிந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஒளிந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நின்று சிரித்தார்கள்.

“ஏனு குரு இது, கன்னா, பிச்காரியா?” என்று துப்பாக்கியை என் நெஞ்சில் இடித்துக் கொடுத்தான் அவன். இது துப்பாக்கியா, இல்லை ஹோலிக்குச் சாயத் தண்ணீர் பீய்ச்சும் குழலா என்று கேட்கிறான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வேன் போனதும் எல்லாரையும் கூப்பிட்டார். டிக்கெட் கிழிப்பவர், சமையல்காரர்கள், வாட்ச்மேன், தோட்டத்து ஆட்கள் என்று பத்துப் பேர் இருந்தோம்.

“என்னாடா காரணம்?” என்றார் என்னிடம்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூளைக்காரன் என்று பேர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. “எங்கியோ தண்ணி பட்ருக்குதுங்கண்ணா. குண்டு ஈரத்துல பட்டா இப்டித்தான் ஆவும்,” என்றேன். வாய்க்கு வந்தது அது.

அவர் கண் நேராகச் சுவர்மேல் போனது. அங்கே கழுவிக் கவிழ்த்த சொம்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“ஏம்மா, சொம்பக் காய வெச்சுதான் குண்டு போடறியா, அப்டியே கொட்டறியா?”

“காய வெச்சுதாங்க. துணி போட்டு உள்ளாற கையவுட்டுத் தொடைக்கறங்க,” என்றார் அக்கா.

“தொடைச்சா ஏன் இப்டி ஆவுது?”

“அது எனக்கு எப்டிங்க தெரியும்? துப்பாக்கி தம்பி கையில இருக்குது. சொம்புதாங்க எங்கையில இருக்குது.”

“வாய் மட்டும் காய்ஞ்சு போவறதே இல்ல,” என்றார் முதலாளி. சமையல்காரர்களில் ஒருவன் சிரித்தான். “வர்ற சனிக்கெழம ஓசூர்லேர்ந்து ஃபேக்டரி ஆளுங்க எம்பது பேரு வராங்க. அன்னிக்கும் இந்தக் கூத்து நடந்துச்சுன்னா, ஞாயித்துக்கெழமலேர்ந்து நீ வர வேணாம்மா. நான் வேற ஆளப் பாத்துக்கறன்.”

கூட்டம் கலைந்த பிறகு அக்கா சுவரிலிருந்த சொம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே காய்ந்திருந்தவற்றை மறுபடி துடைத்தார். நான் பக்கத்தில் போனேன்.

“பாத்துக்கலாங்க்கா. ஒரு வாரம் இருக்குது.”

“ஒனக்கு ஒரு வாரம், தம்பி. எனக்கு என்னா இருக்குது? மறுபடி தகரக் கொட்டாய்க்குப் போனா புள்ளய எங்க வுடுவன்? கூட்டினு போனா படிப்பு போச்சு. வுட்டுட்டுப் போனா என் நிம்மதி போச்சு.” குரலில் அழுகையெல்லாம் இல்லை. பஸ் நேரத்தைச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது. எழுந்தால் கைக்கு ஸ்பேனர் வேண்டியிருந்தது.

முதலில் கேஸைச் சந்தேகப்பட்டேன். போர்வெல்காரனுக்கு எல்லா வியாதியும் காற்றில்தான் தெரியும். இந்தத் துப்பாக்கிகள் ஓடுவது கார்பன் டை ஆக்சைடில். வேகமாகச் சுடச் சுட சிலிண்டர் சில்லிட்டுப்போய் வெளியே வெள்ளையாகப் பூத்துவிடும். குளிர்ந்த கேஸுக்கு அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் துப்பாக்கி மூச்சு வாங்கும். ஆகவே சிலிண்டரை வெயிலில் வைத்து இளம் சூடாக்கி மாட்டிச் சுட்டேன். திக்கியது. இன்னொரு சிலிண்டரைப் புதிதாக நிரப்பி மாட்டினேன். திக்கியது.

செவ்வாய்க்கிழமை ரப்பர் வளையங்கள். ஒரு துப்பாக்கியை முழுக்கப் பிரித்து, பழைய வளையங்களைக் கழற்றி, புதியவற்றைப் போட்டேன். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஓர் இடத்திலும் குமிழி இல்லை. சுட்டேன். ஆறாவது குண்டு உள்ளேயே உடைந்தது.

அக்கா புல் வெட்டுகிற சாக்கில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். “கண்டுபுடிச்சியா?”

“இன்னும் இல்லீங்க்கா.”

“நேத்தும் அதத்தான் சொன்ன. ஒரு வார்த்தைய மாத்தியாவது சொல்லு.”

புதன்கிழமைதான் புத்தி வேலை செய்தது. சொம்பைக் கழற்றிவிட்டு, குண்டே இல்லாமல், வெறும் துப்பாக்கியை மட்டும் வேகமாக அழுத்தினேன். இருபது தடவை. இருபதும் ஒரே மாதிரி, தறி ஓடுகிற மாதிரி, ஒரு தாளமும் தப்பவில்லை. காற்றிலோ வளையத்திலோ குறை இருந்தால் இதிலும் தெரிந்திருக்க வேண்டும். ஆக, துப்பாக்கி சுடுகிறது. குண்டுதான் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மெதுவாகச் சுடும்போது வந்து உட்கார அவகாசம் இருக்கிறது. வேகமாகச் சுட்டால், குண்டு வரும் முன்னே காற்று போய்விடுகிறது. அது ‘புஸ்’. பாதி இறங்கும்போது தட்டினால் நசுங்குகிறது. அது ‘பிளக்’. இரண்டு நாள் கேஸோடு மல்லுக்கட்டியது வீண்.

அப்படியானால் சொம்பு. முதலாளி சொன்னது சரியாகவே இருக்குமோ என்று பயந்தேன். அன்று சாயங்காலம், ஒரு வாரமாக யாரும் தொடாமல் சமையல்கட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்த ஒரு சொம்பை எடுத்தேன். வெயிலில் சுட்டு, உள்ளே தூசி படிந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அதில் குண்டு போட்டுச் சுட்டேன்.

திக்கியது.

அக்கா கழுவியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை முதலாளி வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அவங்க இல்லன்னா அப்ப யாரு?’ என்று கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டிக் குண்டைச் சாப்பாட்டுத் தட்டில் கொட்டினேன். புது குண்டு கோலி மாதிரி ஓட வேண்டும். இவை ஓடவில்லை. தள்ளாடித் தள்ளாடிப் போய் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. சில இரண்டிரண்டாக ஒட்டியிருந்தன. விரலில் எடுத்தால் பிசுக்கு. கழற்றிய குழல் ஒன்று மேசையில் இருந்தது. அதன் வாயில் ஒரு குண்டை வைத்தேன். உள்ளே போகவே இல்லை. வாயை வைத்து ஊதினேன். கன்னம் வலித்தது. குண்டு இறங்கவில்லை.

வாசலில் டிக்கெட் மேசைமேல், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பத்துக் குண்டுகள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதே சரக்கு, அதே பெட்டி. ஒன்றை எடுத்துவந்து குழலில் வைத்தேன். வாயிலேயே உட்கார்ந்தது. லேசாக ஊதினேன். மறுபக்கம் விழுந்து தரையில் ஓடியது.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

குண்டின் ஓடு மருந்துக்கடை கேப்சூலின் ஓடு மாதிரிதான். ஈரக் காற்றில் வைத்தால் உறிஞ்சிக் கொழுக்கும். கொழுத்த குண்டைக் கேஸ் எப்படியோ தள்ளிவிடும், ஆனால் சொம்பிலிருந்து தன் எடையில் அது ஒட்டி ஒட்டி மெதுவாகத்தான் இறங்கும். பட்டுப்புழுவுக்கும் மல்பெரி இலைக்கும் ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். அந்தப் பாடத்தை அப்படியே கொண்டுவந்து நான் குண்டுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதுவும் அந்த வாரம் பதற்றத்தில் மூன்று வேளை போதாதென்று ஐந்து வேளை நனைத்திருந்தேன்.

சாக்குகளை அறுத்துக் கீழே போட்டேன். பெட்டிகளைப் பார்த்தேன். பதினொரு பெட்டி பிரித்தவை, எல்லாம் ஊதியவை. பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை இரண்டே இரண்டு. எண்பது பேருக்கு அது மதியம் வரைக்கும் வந்தால் அதிகம். முதலாளியிடம் சொல்லி பெங்களூரிலிருந்து வரவழைக்காவிட்டால், பிற்பகல் விளையாட்டில் பன்னிரண்டு துப்பாக்கிகளும் திக்கும். திக்கினால் அக்கா போக வேண்டும்.

இது எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் நான் செய்தது என் துணிமணிகளை மூட்டை கட்டியதுதான்.

அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அதுவரை அப்படித்தான் இருந்தேன். போர்வெல்லில் ஒரு தடவை என் கவனக்குறைவால் துளையிடும் கருவி முந்நூறு அடி ஆழத்துக்குள் விழுந்தது. விடிவதற்குள் வேறு லாரியில் இருந்தேன். மாங்கூழ் ஆலையிலும் ஒரு வால்வைத் திறந்து வைத்துவிட்டு வந்தவன்தான். தப்பு செய்தவன் என்று ஒருவர் முகத்துக்கு நேரே பார்ப்பதற்கு முன்னால் இடத்தை மாற்றிவிடுவேன். பசி, வெயில், தரையில் படுக்கை எல்லாம் தாங்கும். அது மட்டும் தாங்காது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரோட்டோரத்தில் நின்றேன். தருமபுரி போகும் பஸ் ஒகேனக்கல் பக்கமிருந்து வர வேண்டும். அதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் பென்னாகரத்திலிருந்து முதல் பஸ் வந்து நின்றது. அக்கா இறங்கினார். பெரிய கூட்டம் வருகிற நாள் என்பதால் சீக்கிரமே வந்துவிட்டார். முந்தின நாள் இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ரோட்டைத் தாண்டி வந்து மூட்டையைப் பார்த்தார்.

“எங்க தம்பி, காலங்காத்தால?”

“தருமபுரி வரைக்குங்க்கா.”

“தருமபுரிக்குப் போறதுக்குப் பாயி எதுக்கு? கலெக்டராபீஸ்ல படுக்கப் போறியா?”

நான் ரோட்டைப் பார்த்தேன். பஸ்ஸைக் காணோம்.

“துப்பாக்கி என்னாச்சு?”

“கண்டுபுடிச்சிட்டங்க்கா.”

“கண்டுபுடிச்சவன் ஏன் ஓடறான்?”

அந்தக் கேள்விக்கு ஒரு பொய் தயார் செய்யாமல் வந்திருந்தேன். சொல்லிவிட்டேன். சாக்கு, ஈரம், ஊதிய குண்டு, குழலில் ஊதிப் பார்த்தது, பாக்கி இருக்கும் இரண்டு பெட்டி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

“அப்ப ஈரம் ஒன்னுது. பேரு மட்டும் என்னுது.”

“ஆமாங்க்கா.”

“புழு வளக்கற மாதிரி குண்ட வளத்திருக்கற. நல்லாத்தான் வளந்திருக்குது போ. இன்னும் நாலு நாள் வுட்டிருந்தா கூடு கட்டியிருக்கும்.” சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “எப்போ தெரியும்?”

“நேத்து மத்தியானம். உங்க மேல தப்பு இல்லன்னு புதன்கெழமையே தெரியும்.”

“புதன்கெழமை,” என்றார். “மூணு நாளா எம்மவ கிட்ட, பரிட்ச முடிஞ்சதும் பெங்களூருக்கு மூட்ட கட்டிக்கலாம்னு சொல்லினு இருக்கறன் நான்.”

பஸ் வந்துவிட்டது. நான் மூட்டைக்குக் குனிவதற்குள் அக்கா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். ஒரு காலைப் படிக்கட்டில் வைத்தவன் அப்படியே நின்றேன்.

கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். “யோவ், ஊட்டுக்காரம்மா கோச்சினு போறாங்க பாரு. போய்ச் சமாதானம் பண்ணு. அடுத்த பஸ்ஸு ஏழரைக்கு.”

“அக்கா முறைடா நானு!” என்று ரோட்டின் மறுபக்கத்திலிருந்து கத்தினார் அவர். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். என் போர்வையும் ஆதார் அட்டையும் அந்த மூட்டைக்குள் இருந்தன. காலைக் கீழே வைத்தேன்.

முதலாளி எட்டு மணிக்கு வந்தார். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. மூட்டையை ஸ்டோர் ரூமில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, விளையாடுகிறவர்கள் போடும் முகமூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானே போய்ச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. “அந்தம்மா அழுதுதா? அதுக்குப் பரிஞ்சுனு வர்றியா? கூட்டம் வர்ற நேரத்துல கத சொல்லாத.”

குழலையும் இரண்டு குண்டுகளையும் அவர் கையில் கொடுத்தேன். பாட்டிலில் இருந்த குண்டை வைத்து ஊதினார். ஓடியது. ஸ்டோர் ரூம் குண்டை வைத்து ஊதினார். மறுபடி ஊதினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஆத்திரத்தில் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் குத்தினார். குண்டு உடைந்து வெள்ளைச் சட்டை முழுக்க ஆரஞ்சு நிறம்.

“சாக்கு மேல ஊத்துன தண்ணிதாங்க,” என்றார் அக்கா முகமூடியைத் துடைத்தபடியே. “நான் ஊத்தலிங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எந்தப் பார்வைக்குப் பயந்து இத்தனை ஊர் மாறினேனோ அந்தப் பார்வை. அரை நிமிஷம் இருக்கும். வியர்த்தது. அவ்வளவுதான். பிறகு அவருக்குப் போன் ஞாபகம் வந்துவிட்டது. பெங்களூருக்குப் பேசினார். பத்துப் பெட்டியை டெம்போவில் ஏற்றினால் ஒரு மணிக்குள் வந்துவிடும் என்று முடிவானது. அதுவரை இருக்கிற இரண்டு பெட்டியை எண்ணி எண்ணிக் கொடுக்கச் சொன்னார்.

“சரி, வேலையப் பாரும்மா,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“பாக்கறங்க. ஆனா போன சனிக்கெழம பத்துப் பேரு முன்னாடி சொன்னீங்க. இப்ப இங்க மூணு பேருதாங்க இருக்கறோம்.”

அவர் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சட்டையின் ஆரஞ்சை ஒரு தடவை தேய்த்தார். அது இன்னும் பரவியது. டீ வந்த நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டார். கையில் போனை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே, “குண்டு கெட்டது சாக்குத் தண்ணியால. சொம்பால இல்ல. அந்தம்மா மேல தப்பு கெடையாது,” என்றார். போன வாரம் சிரித்த சமையல்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். டீ சூடாக இருந்தது. குடித்தேன்.

அதன்பின் எனக்கும் தீர்ப்பு வந்தது. “ஸ்டோர் சாவிய அவங்ககிட்ட குடு. துப்பாக்கியும் இனிமே அவங்க பொறுப்பு. பிரிக்கறதுக்குக் கூட நின்னு சொல்லிக் குடு. நீ வலையையும் டிரம்மையும் பாத்துக்கோ.” வெளியே போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஓசூர் ஆட்கள் பத்து மணிக்கு வந்தார்கள். முதல் ஆட்டத்தில் வலைக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவன் ஜீப்பின் கூரைமேல் துப்பாக்கியை வைத்து முழு வேகத்தில் அடித்தான். டப்டப்டப்டப் என்று ஒரே கோடாகப் போனது. எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நிற்கவில்லை, ஆனால் நடைக்கு வந்தது. ஒன்றேகாலுக்கு டெம்போ வந்தது. அக்கா பெட்டிகளை ஸ்டோர் ரூமுக்குள் விடாமல், டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில் நிழலில் காற்றோட்டமாக அடுக்கச் சொன்னார்.

மூன்று மணி ஆட்டத்தில் ஒரு துப்பாக்கி திக்கியது.

டப், டப், புஸ். பிளக்.

மைதானத்தில் அது ஒன்றுதான். ஆனாலும் முதலாளி சட்டென்று அக்கா பக்கம் திரும்பினார். சமையல்காரர்கள் திரும்பினார்கள். நான் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்து, வர வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார். ஆட்டத்தை நிறுத்தி, சுட்டவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, கேஸைக் கழற்றி, சொம்பை எடுத்துக் கவிழ்த்தார். காலையில் நான் சொன்ன வரிசையிலேயே செய்தார். குண்டுகளோடு சேர்ந்து மண்ணும் காய்ந்த புளியிலையும் உள்ளங்கையில் கொட்டின.

“ஏங்க, கீழ உழுந்து கெடந்ததப் பொறுக்கிப் போட்டீங்களா?”

சுட்டவர் தொப்பை வைத்த பெரிய மனிதர், எங்கோ சூப்பர்வைசர் போல. முகமூடிக்குள் அவர் முகம் தெரியவில்லை. “நாலஞ்சுதாம்மா. சும்மா வீணாப் போவுதேன்னு,” என்றார். அவர் கூட வந்தவர்கள் கத்திச் சிரித்தார்கள்.

அக்கா அந்த மண்ணோடு அப்படியே முதலாளியிடம் நடந்தார். உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“பாத்துக்கோங்க. மண்ணு. ஈரம் இல்ல. தொட்டுப் பாருங்க.”

அவர் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். அக்கா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, சொம்பை நிரப்பி, அந்தப் பெரிய மனிதரிடம் கொடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது. நான் வலையை இறக்கிவிட்டு, டிரம்களில் காய்ந்திருந்த சாயத்தைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் எடுக்கப் போனேன்.